கம்பெனிச் சத்தம்

"இது என்னம்மா, சாப்பாட்டு டப்பாவா?" என்று நடுவர் கேட்டதும் அறையே சிரித்தது. அடுத்த ஆளாகக் காத்திருந்த கீபோர்டு மாஸ்டர்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்.

சாப்பாட்டு டப்பாவேதான். மூடியில் இரண்டு வரிசை பொத்தான்கள், பழைய ரேடியோவில் கழற்றிய இரண்டு திருகு குமிழ்கள். பொத்தானை அழுத்தினால் மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரில் வயலினோ குழலோ, கேட்டது ஒலிக்கும். அந்தப் பெண் தானே செய்தது.

நாடகக் குழுவில் இசைக்கு ஒரே ஒரு நிரந்தர வேலை; அதற்குத்தான் இந்தத் தேர்வு. "இதுவும் போச்சுன்னா பேசாம எங்கண்ணன் கடையில போய் உக்காருங்க" என்று மனைவி கெடு வைத்துத்தான் மாஸ்டரை அனுப்பியிருந்தாள். மச்சான் கடையில் உட்காருவதைவிடத் தூக்கில் தொங்கலாம்.

பெண் வாசித்தாள். மாஸ்டர் நாற்காலி நுனிக்கு வந்தார். அடிப்பாவி, நம்ம சோத்துல மண்ணைப் போட்டுடுவா போலிருக்கே!

நடுவர் உதட்டைப் பிதுக்கினார். "வாசிப்பு சரி. சத்தம்தான் டப்பா சத்தமா இருக்கு."

"சார், சத்தம் இதுலேர்ந்து வரலையே. கம்ப்யூட்டர்லேர்ந்துதானே வருது? யார் வாசிச்சாலும் ஒரே சத்தம்தான்."

"முப்பது வருஷமா இதே தொழில்ல இருக்கேன். எனக்கே பாடம் எடுக்கிறியா? அடுத்தது யாரு?"

மாஸ்டர் தன் வெளிநாட்டுக் கீபோர்டை எடுத்து வைத்தார். கம்பெனிப் பெயரைப் பார்த்ததுமே நடுவர் எழுந்து நின்றுவிட்டார். பாதி வேலை அங்கேயே கிடைத்தாயிற்று.

உள்ளே இருந்த சங்கதி மாஸ்டருக்குத்தான் தெரியும். போன மாதம் அது செத்துப்போனது. கம்பெனிக்காரன் கையை விரித்துவிட்டான். கடைசியில் ரிப்பேர் கடைக்காரர்தான், "எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் மலிவா செஞ்சு தருவாங்க" என்று வாங்கிப்போய், கையால் செய்த சர்க்யூட் போர்டு ஒன்றை உள்ளே வைத்துக் கொடுத்தார். கம்பெனியுடையது என்று மிச்சமிருந்தது மேல்கூடும் கட்டைகளும் அந்தப் பெயரும்தான்.

அதே கம்ப்யூட்டரில் ஒயரைச் செருகி, அதே வயலினை வாசித்தார் மாஸ்டர். நடுவர் சொக்கிப்போனார்.

"சத்தம்னா இது சத்தம்! பாத்தியாம்மா, வித்தியாசம் தெரியுதா?"

பெண் அந்தக் கீபோர்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள்.

"தெரியுது சார்."

வேலை மாஸ்டருக்கே. வந்த சந்தோஷத்தில் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் போய், "மனசுல வச்சுக்காதேம்மா. ஆனா பொருள்ல கஞ்சத்தனம் பண்ணா கலை வராது. எதை வாங்கினாலும் என்னை மாதிரி கம்பெனிப் பொருளா வாங்கு" என்றார்.

"சரிண்ணே" என்றவள், உள்ளே இருந்த நடுவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"இனிமே தினமும் வாசிப்பீங்க, உள்ள இருக்கிற போர்டு தாங்காது. ஒருநாள் கொண்டு வாங்கண்ணே. கடைக்காரர் அவசரப்படுத்துனதால அரைகுறையா ஈயம் பத்தவச்சுக் கொடுத்துட்டேன்."