வலைக்குள் வந்த வண்டு

வீட்டின் காலி அறையில் மனைவி வளர்த்த வெள்ளரிக் கொடிகள் விதையில்லா ரகம். ஆனால் ஒவ்வொரு காயும் விதை வைத்து, நுனியில் வீங்கிக் கோணியது.

“இதுக்கு மகரந்தமே வேண்டாங்க. பட்டாத்தான் விதை வைக்கும். ஜன்னல் பூரா வலை கட்டியிருக்கேன், வண்டு எப்படி வருது? இந்த வாரமும் கோணக் காயைக் கொடுத்தா ஹோட்டல்காரர் வேற ஆளைப் பார்த்துப்பார்.”

கணவர் சட்டைப்பையிலிருந்து சிறிய தூரிகையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“வண்டு நான்தான். நீ எழுந்திருக்கிறதுக்குள்ள தினமும் பூவுக்குப் பூ தடவி விட்டேன். நிறையக் காய்க்கும்னு நினைச்சேன்.”

“நல்ல வண்டு போங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

மறுநாள் முதல், அடியில் பிஞ்சில்லாத, மகரந்தம் தரும் ஆண் பூக்களைக் கிள்ளி எறிவது அவர் வேலையாயிற்று. அடுத்து இறங்கிய காய்கள் விதையின்றி நேராக இருந்தன.