கண்ணாடியில் பழுத்த கொடி

கடைச் சன்னலோரத் தொட்டியில் நின்ற கொடியில் ஒரு பழம்கூட இல்லை. எதிரே மாட்டியிருந்த முகக்கண்ணாடியிலோ அதே கொடி சிவக்கச் சிவக்கப் பழுத்துத் தொங்கியது. முடிதிருத்துபவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

விதையிலிருந்து அவரே வளர்த்த மருந்துக்கொடி அது. அந்த விதைத்தோல் கல்லைப் போலக் கெட்டி. கீறிவிடாவிட்டால் உள்ளே தண்ணீர் இறங்காது. அதனால் பழைய பிளேடால் லேசாகக் கீறி, ஊறவைத்து, மிதந்ததைக் கொட்டிவிட்டு, மூழ்கியதை மட்டும் ஊன்றினார். எல்லாம் எந்த மருந்துக்கும் கேட்காத மனைவியின் இருமலுக்காக.

கொடி பழுத்துவிட்டது என்று அவளைக் கூப்பிட்டார்.

"கண்ணுல பூ விழுந்துடுச்சா உங்களுக்கு? வெறும் இலைதானே இருக்கு!" என்று இருமலுக்கு நடுவே சிரித்தாள் அவள்.

"கண்ணாடியில பாரு."

பார்த்தாள். திரும்பிக் கொடியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அதுக்குள்ள கைய விட்டா பறிப்பீங்க?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார், தொட்டியைத் திருப்பி வைத்தார். ஒன்றும் மாறவில்லை. அப்புறம், தன் மீசையை ஒதுக்கும்போது செய்வதைப் போல, கண்ணாடியை மட்டும் பார்த்தபடி கொடியின் பக்கம் கையை நீட்டினார். விரலில் குளிர்ச்சியாக ஏதோ உருண்டது. குனிந்து பார்த்தால் உள்ளங்கை காலி. கண்ணாடியில் அங்கே ஒரு பழம் இருந்தது.

"என்னைப் பார்க்காதே. கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே வாயைத் திற."

அப்படித் தின்றபோது பழம் புளித்தது, இருமல் நின்றது.