மூன்றாவது வீடு

"இதுக்கு முன்னாடி எதையாவது தத்தெடுத்துட்டு, வேண்டாம்னு திருப்பிக் கொடுத்திருக்கீங்களா?"

நாய்க் காப்பகத்திலிருந்து வந்திருந்த பெண் படிவத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள். அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த தபால்காரர் சட்டென்று அடங்கிப்போனார்.

ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் தபால்காரர்தான். "முப்பத்தஞ்சு வருஷம் நாய்ங்க என்னைத் துரத்துச்சு. இப்ப நான் ஒண்ணைத் துரத்திக்கிட்டு அலையறேன்" என்று சொல்லி, வந்தவளைச் சற்று முன்புதான் சிரிக்க வைத்திருந்தார். சுற்றுச்சுவரின் உயரம், கேட்டுக் கம்பிகளின் இடுக்கு, மாடிப்படி என்று அவள் பார்த்ததெல்லாம் தேறிவிட்டது. பழகிப் பார்க்கட்டும் என்று கூட்டி வந்திருந்த பொட்டு என்ற நாய்தான், வைத்த பிஸ்கட்டைத் தொடாமல் வாசற்கதவை ஒட்டிப் படுத்திருந்தது.

"இல்லைம்மா" என்றார் தபால்காரர்.

"இருக்கு" என்றாள் சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி.

"நீ சும்மா இரேன். அது வேற."

"என்ன வேற? கேட்டதுக்குப் பதிலைச் சொல்லுங்க."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மறைக்காதீங்கம்மா. அன்னிக்கே சொன்னேனே, பொட்டுவை ஏற்கெனவே ரெண்டு வீட்டுல வெச்சிருந்து திருப்பி விட்டுட்டாங்க. ரெண்டாவது தடவை வந்தப்போ நாலு நாள் தண்ணியைத் தவிர எதையும் தொடலை. இன்னொரு தடவை அதால தாங்க முடியாது. அதான் இப்படித் தோண்டித் துருவறேன்."

மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"வீடு வெறிச்சோடிக் கிடக்குதேன்னு ஒண்ணைக் கூட்டிட்டு வந்தோம். வந்த புதுசுல இதே மாதிரிதான். கதவோரமே கதின்னு கிடக்கும். வெச்சதைத் தொடாது. ஒரு மாசம் போகட்டும்னு விட்டோம். அப்புறம் பாரு, இவர் சைக்கிள் சத்தம் கேட்டாப் போதும், தெருமுனைக்கே ஓடிடும்."

தபால்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓடி வந்த வேகத்தில் நேராகத் தபால்பைக்குள் தலையை விட்டு, தனக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடும். தினமும் தேடும். ஒரு வேர்க்கடலை மிட்டாயாவது அதற்குள் போட்டு வைக்காமல் அவர் வீடு திரும்பியதில்லை.

"எவ்வளவு நாள் வெச்சிருந்தீங்க?"

"ஒன்றரை வருஷம். அதுக்குள்ள எங்களுக்குப் பையன் பிறந்துட்டான். தொட்டில் பக்கமே நாங்க அதை விடலை. ஒருநாள் எப்படியோ போய் அவன் கையைக் கடிச்சிருச்சு."

"ஆழமாவா?"

"பல்லு பட்ட தடம்தான். சாயங்காலத்துக்குள்ள மறைஞ்சே போச்சு" என்றார் தபால்காரர், ஜன்னலைப் பார்த்தபடியே. "ஆனா வீட்டுல பெரியவங்க விடலை. எங்க பிறந்ததோ, என்ன ரத்தமோ, நாளைக்கு என்ன பண்ணுமோன்னு பயமுறுத்தினாங்க. நானும் மண்டையை ஆட்டினேன்."

"அது பொறாமைங்க! எல்லாத்துக்கும் வர்றதுதான்." அந்தப் பெண்ணின் குரல் ஏறிவிட்டது. "கொஞ்ச நாள் பக்கத்துல உக்கார வெச்சுத் தட்டிக்கொடுத்திருந்தா சரியாப் போயிருக்கும். அப்போ அதுக்கு என்ன வயசு?"

"மூணு முடியலை."

"குட்டியா இருந்தாத்தான் ஆளுங்க எடுத்துக்குவாங்க. அந்த வயசுல திருப்பி விட்டா யார் சீந்துவாங்கன்னு யோசிச்சீங்களா? யார் கொண்டுபோய் விட்டது?"

"நான்தான். ஊர் சுத்தப் போறோம்னு நினைச்சுக் குதிச்சுக்கிட்டு வந்தது. விட்டுட்டுத் திரும்பினப்போ கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடி வந்தது. நான் திரும்பிப் பார்க்கலை." தபால்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பார்த்திருந்தா தூக்கிட்டு வந்திருப்பேன்."

அந்தப் பெண் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா. எவ்வளவு பழைய கதையா இருந்தாலும் சரி, பொட்டுவை உங்களுக்கு என்னால தர முடியாது."

அவர் வாதாடவில்லை. "சரிம்மா. உன் இடத்துல நான் இருந்தாலும் தரமாட்டேன்."

"காப்பகத்துல இத்தனை நாய் இருக்கே, ஏன் இதையே கேட்டோம்னு நினைக்கிறே?" என்றாள் மனைவி மெதுவாக. "ரெண்டு தடவை திரும்பி வந்ததுன்னு அன்னிக்குக் காப்பகத்துலயே நீ சொன்னியே, அதனாலதான்."

வந்தவள் நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். கேட்டைத் திறந்துவிடத் தபால்காரர் கூடவே வந்தார். அவருடைய தளர்ந்த நடையைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது.

"அப்புறம் ஒரு தடவையாவது போய்ப் பார்த்தீங்களா ஐயா?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறதுன்னே வருஷம் ஓடிப்போச்சு. போன மாசம்தான் ரெண்டு பேரும் துணிஞ்சு போனோம்." அவர் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றார். "கல்யாணமாகி, ரெண்டு குழந்தைங்களோட நல்லா இருக்காளாம். நாங்க என்னைக்காவது தேடி வந்தா மட்டும் விலாசத்தைக் கொடுத்துடாதீங்கன்னு, அநாதை இல்லத்துல எழுதி வெச்சுட்டுப் போயிருக்காம்மா."