அறுபதைத் தாண்டினால் வரும் சத்தம்

"அறுபதைத் தாண்டினா மோட்டார்ல கரகரன்னு ஒரு சத்தம். வாங்கி ஒரு மாசம்கூட ஆகல!" என்று எகிறினார் மின்சாரக் காரின் சொந்தக்காரர்.

மெக்கானிக் தனியாக ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"அப்ப நான் பொய் சொல்றேனா? ஏறுங்க!"

சொந்தக்காரரே ஓட்டினார். மனைவி பக்கத்தில் இருந்தாள். மெக்கானிக் பின்சீட்டிலிருந்து காதை நீட்டினார். அறுபதைத் தாண்டியதும் கரகர! ஒரு லாரியை உரசுவதுபோல் முந்தியபோது சத்தம் இன்னும் கூடியது.

"கேட்டுச்சா? புது மோட்டார் போடுங்க, இல்ல வண்டியைத் திருப்பி எடுத்துக்குங்க!"

"மோட்டார்ல ஒண்ணுமில்ல சார். மேடம்தான் பல்லை நறநறன்னு கடிக்கிறாங்க."

சொந்தக்காரர் காரை ஓரங்கட்டிவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"பழைய பெட்ரோல் கார்லயும் பதினஞ்சு வருஷமா கடிச்சுக்கிட்டுதான் வந்தேன். அந்த இரைச்சல்ல உங்களுக்கு எங்க கேட்டுச்சு?" என்றாள் அவள்.