வெட்டுப்பட்ட நாலு வரி

"சமையலறைப் படியை ஏன் சார் எடுத்தீங்க?"

வந்ததும் வராததுமாக வார இதழை என் மேஜையில் விரித்துப் போட்டார் அங்குலம்.

எங்கள் இதழில் தொடர்கதை எழுதுகிறவர். அங்குலம் என்பது ஆபீசில் நாங்கள் வைத்த பெயர். பின்னே என்ன? கதாநாயகி கதவைத் திறந்து உள்ளே வரவே மனுஷன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். வாசலிலிருந்து எட்டு அடி வைத்தால் நாற்காலி. தாண்டினால் மேஜை முனை, இடுப்பு உயரம். வலக்கைப் பக்கம் சுவர். சுவரோடு போனால் ஜன்னல், அதில் இரண்டாவது கம்பி வளைசல். அளவு நாடாவும் கையுமாகத்தான் எழுதுவார் போல.

பதினெட்டு வருஷமாக வர்ணனைகளை வெட்டியே பேர் வாங்கிய உதவி ஆசிரியன் நான். என்னிடமா?

"ஒரு படிதானே சார்! கதை நகர வேண்டாமா? வில்லன் இல்லை, சண்டை இல்லை, அந்தம்மா வீட்டுக்குள்ளயே நடந்துக்கிட்டிருக்காங்க. வாசகர்கள் கொட்டாவி விடறாங்க."

"நாலே நாலு வரி சார். அதைப் போய்..." குரல் உடைந்துவிட்டது. "அடுத்த வாரம் மாடிப்படி வருது. அதுல ஒரு வரி வெட்டினாலும் தொடரே வேண்டாம்."

"மாடி ஏற எத்தனை வாரம் சார் ஆகும்?" என்றேன் நக்கலாக.

இதழைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு வரிக்கு இவ்வளவு தலைக்கனமா என்று எனக்கு எரிச்சல்.

செவ்வாய்க்கிழமை அத்தியாயம் வரவில்லை. மறுநாள் இதழ் அச்சுக்குப் போக வேண்டும். நாலு பக்கம் காலி.

"வெட்டினது நீதானே? நீயே போய்க் கையைக் காலைப் பிடிச்சு வாங்கிட்டு வா" என்றார் ஆசிரியர்.

கதவைத் திறந்தது அங்குலத்தின் மனைவி. நெற்றியில் பெரிய பிளாஸ்திரி. இதழின் பெயரைச் சொன்னேன்.

"பத்திரிகை ஆபீஸா? வாங்க தம்பி, உக்காருங்க. மருந்துக் கடைக்குப் போயிருக்கார், வந்துடுவார்."

உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

எட்டு அடியில் நாற்காலி. மேஜை முனை, இடுப்பு உயரம். சுவரோடு போனேன். ஜன்னல். இரண்டாவது கம்பியைத் தொட்டுப் பார்த்தேன், வளைசல்! வாழ்க்கையில் கால் வைக்காத வீடு, கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் போலிருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடேயப்பா, எழுத்து இப்படியும் ஒரு வீட்டைக் கட்டுமா!

அடுத்த நொடியே என் புத்தி முழித்துக்கொண்டது. அட, சொந்த வீட்டையே அளந்து எழுதி ஒப்பேற்றியிருக்கிறார். கற்பனைக்கு அவ்வளவு பஞ்சம்.

"இருங்க, தண்ணி கொண்டு வரேன்."

அந்த அம்மா விறுவிறுவென்று நடந்தார். மேஜை முனையிடம் சரியாக ஒதுங்கி, சுவரோடு திரும்பி, சமையலறை வாசலில் மட்டும் நின்றார். காலை மெல்ல நீட்டித் தரையைத் தேடி இறங்கினார்.

திரும்பி வந்து டம்ளரை நீட்டினார், காலி நாற்காலியிடம். நான் இன்னும் ஜன்னலருகே நின்றிருந்தேன்.

"அம்மா... உங்களுக்கு..."

குரல் வந்த பக்கம் திரும்பினார். "பார்வை போய் ஒரு வருஷம் ஆச்சு தம்பி. இந்த வீட்டுக்கு வந்து மூணு மாசம். கையைப் பிடிச்சு ஒவ்வொரு இடமா காட்ட வந்தார். எனக்கு வந்துதே ஆத்திரம்! குழந்தையாட்டம் நடத்தாதீங்கன்னு கத்திட்டு, இந்த நாற்காலியே கதின்னு உக்காந்துட்டேன்."

சிரித்தார்.

"அப்புறம்தான் தொடர் ஆரம்பிச்சுது. பக்கத்து வீட்டுப் பொண்ணு வாராவாரம் படிச்சுக் காட்டும். அது அந்தப் பக்கம் போனதும், கதையில வர்றவ நடந்த மாதிரியே நடந்து பார்ப்பேன். மூணாவது வாரம் ஜன்னல் வரைக்கும் போயிட்டேன், தனியா! அது நம்ம வீடுதான்னு நான் கண்டுபிடிச்சது அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க."

டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

ஒரு மனுஷியை நாற்காலியிலிருந்து எழுப்பி, கையைப் பிடிக்காமலே நடக்க வைத்த வர்ணனை. அதைத்தான் நான் கொட்டாவி என்றேன்.

கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "நெத்தியில என்னம்மா காயம்?"

"அதையேன் கேக்கறீங்க, போன வாரம் சமையலறை வந்துதில்ல?" பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார். "பாவம், அவருக்கும் வயசாகுது. அங்க ஒரு படி இருக்குன்னு எழுத மறந்துட்டார்."