பூச்சாடி

கப்பல் கப்பலாகக் கச்சா எண்ணெய் விற்றுக் கொழுத்த தனுஷ்கோடி ஐஸ்பெட்டிக்குள் பிணமாகக் கிடந்தான். அவன் மனைவி பவளக்கொடி அழவில்லை. டீப்பாய் மேலிருந்த பிளாஸ்டிக் பூச்சாடியையே முறைத்துக்கொண்டிருந்தாள். உளவுத்துறை அதிகாரி ஞானசிகாமணி கொண்டுவந்து வைத்த சாடி அது. வீடு பெருக்குகிறவள்கூட அதைத் தொடக் கூடாது. கட்சிக்காரர்கள், வெளிநாட்டு வியாபாரிகள் என்று யார் வந்தாலும் தனுஷ்கோடி அதன் பக்கத்தில்தான் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பான். அவளுடைய தம்பியும் ஒரு நாள் அங்கே உட்கார்ந்து ஆட்சியை வாய்க்கு வந்தபடி திட்டினான். அந்த வாரமே அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

துக்கத்துக்கு வந்த அமைச்சர் மாலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கூடவே வந்திருந்த ஞானசிகாமணி அவளிடம் குனிந்து, "இந்தச் சாடிய நான் எடுத்துக்கிறேம்மா, அவர் ஞாபகமா இருக்கட்டும்" என்றார்.

பவளக்கொடி எழுந்தாள். சாடியைத் தூக்கி அமைச்சரின் கையில் திணித்தாள்.

"ஐயா, நீங்க இங்க உக்காந்து உங்க தலைவரப் பத்திப் பேசுனது அம்புட்டும் இதுக்குள்ள பதிவாகி இருக்கு. இவருக்கு வேணுமாம். குடுக்கிறதும் குடுக்காததும் உங்க பாடு."

அமைச்சர் சாடியை மார்போடு அணைத்துக்கொண்டார். ஞானசிகாமணியும் சாடியைப் பற்றினார். பிணத்துக்கு மேலே இருவரும் பிடியை விடாமல், வாயைத் திறக்கப் பயந்து நின்றார்கள்.

"பொறந்த வீட்டுக் கோடிச் சேல என் தம்பி கையாலதான் எம்மேல விழணும்," என்றாள் பவளக்கொடி, சாடியைப் பார்த்து, தெரு வரைக்கும் கேட்கும்படி. "அவன் வராம இந்தப் பொணம் எழும்பாது."