கொலினின் கொழும்பு அலுவல்

"மாதா மாதம் கொழும்பில அப்படி என்ன அலுவல்?" என்று கேட்டுக் கேட்டு வேராவுக்கு வாய் வலித்துவிட்டது. "அது ஒரு அலுவல்" என்பதற்கு மேல் புருஷன் கொலின் எதுவும் சொன்னதில்லை. இந்த முறை மட்டக்களப்பு ஸ்டேஷனில் அவருக்கு முன்னே ரயிலேறி உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எதுக்கு வேரா? இடுப்பு நோகும்."

"நொந்தா நோகட்டும். அவள் ஆரெண்டு பாக்காம விடமாட்டன்."

கொலின் மாப்பிள்ளை மாதிரித் தலையைச் சீவிக்கொண்டு போய்க் கதவடியில் நின்றார். மன்னம்பிட்டிப் பாலத்தில் தனக்குத்தானே சிரித்தார். வேராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எவள் கையசைக்கிறாள் என்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினார்கள். கொலின் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, நேரே கவுண்டருக்குப் போனார்.

"மட்டக்களப்புக்கு ரெண்டு டிக்கெட்."

"அப்ப அலுவல்?"

"முடிஞ்சிது. இந்த ரயில் கோச்சியில வாறதுதான் அலுவல். சொன்னா சிரிப்பாய் எண்டு சொல்லல்ல. பாலத்தில அது போட்ட சத்தம் கேட்டியா?"

வேரா கையில் கொண்டுவந்த பயணப் பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஒருத்தியெண்டா கொண்டையைப் புடிச்சு இழுத்திருப்பன். இந்தக் கோச்சியில நான் எதைப் புடிச்சு இழுக்கிற?"